நோட்டுக்குப் பதிலாகத் தலையணை

7-ஆம் தேதி, திங்கட்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நானும் மகளும் ஆண்டவர் கிருபையால் நலம். நலமில்லாததால்தான் உங்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்பதால், நீங்கள் நலமா என்று கேட்டு மையை வீணாக்கப் போவதில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம். அதில் அறை, படுக்கை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே வரி. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறதாம், அவ்வளவுதான். மீதி முழுக்கச் சபை. ஞாயிறு யார் பிரசங்கம் செய்தது, படுக்கையில் கிடக்கும் தச்சரைப் போய்ப் பார்த்தார்களா, பாடகர் குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை, கோயில் கூரையில் ஒழுகும் இடத்துக்கு வாளி வைத்தார்களா. ஆறு வாரம் ஓய்வு கொடுத்து அனுப்பினால் அப்பா தபாலில் சபை நடத்துகிறாரே என்று மகள் சிரிக்கிறாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்கமாட்டீர்கள். பிரசங்கம் நம் கண்டக்டர் மூப்பர். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே வேலை பார்த்த மனிதர், பீடத்தில் நிற்கக் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். பதினோரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி இறங்கிவிட்டார். எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிலர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு விவரிக்க மாட்டேன். தச்சரை இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். வாளி வைத்தாயிற்று. பாடகர் குழு வழக்கம்போல்தான் இருக்கிறது.

உங்கள் கைபேசி என் தையல் பெட்டியில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அது அவ்வப்போது டப்பாவை ஆட்டிப் பார்க்கும். நான் கண்டுகொள்வதில்லை.

இனி உங்கள் ஜெப நோட்டு விஷயம். அதைத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயர்களைப் படிக்காமல் ஒரு நாளும் ஆரம்பித்ததில்லை, கை ஒடிந்தது போல இருக்கிறது என்கிறீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. இந்தச் சபைக்கு வந்த பதினெட்டு வருஷமாக, விடிவதற்கு முன்பே எழுந்து, நாற்காலிப் பக்கத்தில் முழங்கால் போட்டு, முந்நூற்று எண்பத்தாறு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நோட்டில் ஏறும். யார் இறந்தாலும் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவீர்கள். அடக்க ஆராதனைக்கு அந்த நோட்டையே கையில் எடுத்துக்கொண்டு போவீர்கள்.

அந்தக் கோட்டினால் வந்ததுதானே எல்லாம். உங்கள் கடிதத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் எழுதாததால் நான் எழுதுகிறேன், ஒருவராவது எழுதி வைக்க வேண்டும். பேக்கரிக்காரர் இறந்த அந்த வாரத்தில் உங்களுக்கு அதற்கு முன்பே இரண்டு அடக்கம், ஒரு திருமணம், மூன்று நாள் ஆஸ்பத்திரி. புருஷன் பெயரும் பெண்சாதி பெயரும் நோட்டில் மேலும் கீழுமாக இருந்தன. நீங்கள் பேக்கரி அக்காவின் பெயரில் கோடு போட்டுவிட்டீர்கள். கல்லறையில் நின்று, அவர் ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டார் என்று அக்கா பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினீர்கள். அவரைப் பிரிந்து வாடும் கணவருக்கு ஆறுதல் கொடும் என்று வேண்டினீர்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தோம். அக்காவே ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் உங்களுக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்க முழங்கால் போட்டீர்கள், எழுந்திருக்க முடியவில்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று டாக்டரம்மா உங்களிடம் சிரித்துப் பேசினார், என்னை வெளியே கூப்பிட்டுச் சிரிக்காமல் பேசினார். முதல் தடவை உடம்பு சொல்லிப் பார்க்கும், ரெண்டாவது தடவை சொல்லிக்கிட்டு இருக்காதும்மா என்றார். ஆறு வாரத்தில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது என்று மூப்பர்களிடமும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே நோட்டு வராது. கவலைப்பட வேண்டாம், பெயர்கள் பட்டினி கிடக்கவில்லை. நீங்கள் போன மறுநாளிலிருந்து நாலரை மணிக்கு எழுந்து, அதே நாற்காலிப் பக்கத்தில், நானே அத்தனை பெயரையும் படித்து ஜெபிக்கிறேன். தச்சரைப் பார்க்கப் போன இரண்டு பேரில் ஒருத்தியும் நான்தான். தையல் வேலையும் நிற்கவில்லை. நீங்கள் இல்லாவிட்டாலும் ஒரு குறையும் வராது.

எழுந்திருக்க அவசரமில்லாத காலைகளை ஆண்டவர் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நோட்டும் கையுமாக உங்கள் மனைவி


21-ஆம் தேதி, திங்கட்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

இந்த முறை உங்கள் கடிதம் மூன்று வரி. நோட்டு வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுவேன், ஞாயிறு பீடத்தில் நிற்பேன். கீழே கையெழுத்து. சபையில் வாசிக்கிற திருமண ஓலைக்குக்கூட இதைவிட இரண்டு வரி கூடுதலாக எழுதுவீர்கள்.

படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, அப்போதே பதில் எழுதியிருந்தால் அது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். அதற்குள் என் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிட்டது. அதை முதலில் சொல்கிறேன்.

தபால்காரர் மகளின் கல்யாண உடை என்னிடம் வந்திருந்தது. முழுக்க வெள்ளை. இடுப்பைப் பிடித்துவிட்டு, கீழ் விளிம்பை மடித்துத் தைத்து, தேய்த்துக் கொடுக்க வேண்டும். போன சனிக்கிழமை மத்தியானம் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றவள், நின்ற நிலையிலேயே தூங்கிப்போனேன். கருகல் வாசனைதான் எழுப்பியது. இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பு நிறத்தில், உடையின் முன்பக்கத்தில். இருபத்தைந்து வருஷத்தில் ஒருத்தர் கைக்குட்டையைக்கூட நான் கருக்கியதில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மகள் வந்து பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு நிதானமாக, அம்மா, அப்பாவை அனுப்பிட்டு நீ அப்பா ஆயிட்டே என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நாலரைக்கு எழுந்து, முந்நூற்று எண்பத்தாறு பெயரைச் சொல்லி, விடிந்ததும் அடுப்படி, பிறகு தையல், மாலையில் உங்களுக்குப் பதிலாக வீடு வீடாகச் சந்திப்பு. ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பெயர்களை நான் ஜெபிக்கவில்லை, கடகடவென்று ஒப்பித்தேன். கடைசிப் பக்கம் எப்போது வரும் என்றுதான் என் வாய் ஓடியது. சபைக்கு நாம் இல்லாமல் முடியாது என்று காட்ட நினைத்தேனே தவிர, அதில் வேறு பக்தி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. போன வருஷம் ஒரு மத்தியானம், ஒரு கால் செருப்பைக் கழற்றி மறு காலைக் கழற்றுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டீர்கள், நினைவிருக்கிறதா. வாசலில் ஒருவர் வந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. உங்களைத் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன். போதகர் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும், ஐயா கூப்பிட்டதும் வருவார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. கதவைத் திறந்து வைத்துப் பெயர் வாங்கினவள் நான். எழுந்து போனவர் நீங்கள். அப்படி எத்தனை முறை எழுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கிறேன், முடியவில்லை. என்னை மன்னியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரமே பேக்கரி அக்கா ரொட்டி எடுத்துக்கொண்டு வந்தார். உங்களைப் பற்றிக் கேட்கத்தான் வந்தார். நான் உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அன்னைக்கு நான் செத்துட்டேன்னு ஐயா சொன்னப்ப எனக்கு அது தப்பாவே படலம்மா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அதான் ஆமென் சொன்னேன் என்று. பிறகு அவருடைய வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினார். பேக்கரி அடுப்பை வாரத்தில் ஒரு நாள் ஆறவிட வேண்டுமாம், ஓயாமல் எரித்தால் உள்ளே செங்கல் வெடித்துவிடுமாம். முப்பது வருஷத்தில் ஒரு வாரம்கூட அந்த மனிதர் தவறாமல் அடுப்பை ஆறவிட்டாராம். அடுப்பு ஆறுகிற அந்த நாளில்தான் தட்டுகளை எல்லாம் தேய்த்துக் கழுவுவாராம், மாவு மூட்டை இறக்குவாராம், கூரை ஏறுவாராம். அடுப்பு நல்லா இருக்கு, இன்னும் இருபது வருஷம் எரியும் என்று சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனதும் நோட்டை மேசையில் வைத்தேன். தையல் போடுவது மட்டுமா என் தொழில், பிரிப்பதும்தானே. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால் நடுமுதுகில் இருந்த நூலைப் பிரித்தேன். பதினாறு மடிப்பு. ஒவ்வொன்றையும் மடிப்பிலேயே வெட்டினேன். முப்பத்திரண்டு தாள், தாளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பெயர். நீங்கள் பதறுவீர்கள் என்று தெரியும். அதில் வெறும் பெயர்கள்தான் இருக்கின்றன. யாருக்காக எதற்கு என்பதை நீங்கள் மனதிலேயே வைத்திருந்தீர்கள், அது உங்களோடு கடற்கரையில் பத்திரமாக இருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண்டக்டர் மூப்பர் கையில் அந்தக் கட்டைக் கொடுத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவர் வாசலில் நின்றுகொண்டார். டிக்கெட் கொடுப்பது போல ஒவ்வொருவருக்கும் ஒன்று நீட்டினார். தினமும் காலையில இந்தப் பன்னெண்டு பேருக்காக ஜெபிக்கணும், ரெண்டு நிமிஷம் போதும், தவறினா மறுநாள் தொடரலாம், அபராதம் இல்லை என்றார். பாடகர் குழுவில் பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கும் ஒருவர் பெயர் இருந்த தாள் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூப்பர் வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டு அரைமணி நேரத்தில் தீர்ந்து, கிடைக்காதவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். பேக்கரி அக்கா மட்டும் தன் பெயர் இருந்த தாளையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு தாளை முந்தின ராத்திரியே எடுத்து வைத்திருந்தேன். அதைப் பிரித்து எடுக்கும்போதுதான் கவனித்தேன். பதினெட்டு வருஷ நோட்டில் என் பெயர் இல்லை, மகள் பெயர் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. முப்பத்திரண்டு தாளையும் இரண்டு தரம் தேடினோம். மகள் தாள்களைத் திரும்ப அடுக்கி வைத்தாள். பிறகு, பரிமாறுறவங்க கடைசியிலதானே சாப்பிடுவாங்க, அதுவும் மிச்சம் இருந்தா என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அவள் உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அதனால்தான் எனக்கு அது தாங்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நேரில் உங்களிடம் சொல்ல வராது, கிண்டல் செய்துதான் பழக்கம். மண்ணில் முழங்கால் போட்ட மாதிரியே நீங்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறீர்கள். இன்னொரு தடவை அப்படி விழுந்து எழுந்திருக்காமல் போனால், நோட்டை எடுத்து நான் எந்தப் பெயரில் கோடு போடுவது. உங்கள் பெயரே அதில் இல்லையே.

ஆகவே அனுப்ப நோட்டு என்று ஒன்று இப்போது இல்லை. பதிலாக நாளை விரைவுத் தபாலில் ஒரு பார்சல் அனுப்புகிறேன், நோட்டு என்று நினைத்து ஆவலாகப் பிரிக்காதீர்கள். உங்கள் தலையணை. புயலில் படகில் தூங்கிய ஆண்டவரைப் பற்றி நானே ஏழெட்டுப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். காற்றைப் பற்றிச் சொன்னீர்கள், அலையைப் பற்றிச் சொன்னீர்கள், சீஷர்களின் அவிசுவாசத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் சொன்னீர்கள். அவர் தலைக்கு ஒரு தலையணை வைத்திருந்தார் என்பதில் மட்டும் நீங்கள் ஒருமுறைகூட நின்றதில்லை.

பஸ்ஸில் ஏறுவதானால் ஏறுங்கள். பஸ் நிலையத்துக்கு வந்து நான் சண்டை போட மாட்டேன். இருந்துவிடுங்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் உங்களிடம் நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

கல்யாண உடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கருகின இடத்தை வெட்டி எடுத்து, மேலே ஒரு மடிப்புக் கூடுதலாக வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னேன். பெண் அழுதாள், பிறகு போட்டுப் பார்த்து, இதுவே அழகாக இருக்கிறது என்றாள்.

கர்த்தர் உங்கள் கால்களை அங்கேயே கட்டிப்போடட்டும்.

இப்படிக்கு,
நோட்டைப் பிரித்த உங்கள் மனைவி


31-ஆம் தேதி, வியாழக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

சனிக்கிழமை சாயந்திரம் மகள் என்னிடம் சொல்லாமல் பஸ் நிலையத்துக்குப் போய், கடைசி பஸ் வரை நின்று பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து, அப்பா வரலை என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து சத்தம் போட்டுச் சிரித்தோம். பிறகு நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். வராததற்கு வேறு காரணம் இருந்துவிடுமோ என்று புதன்கிழமை உங்கள் கடிதம் வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

கடிதத்தை மகள் உரக்கப் படித்தாள். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியேவிட்டீர்களாம். வாசலில் தபால்காரர் பார்சலை நீட்டினாராம். திரும்ப உள்ளே போய் வைத்துவிட்டு வந்தால் பஸ் போய்விடும் என்று அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நிறுத்தத்தில் உட்கார்ந்தீர்களாம். பிரித்துப் பார்த்து, கோபம் வந்து, அதைப் பெஞ்சில் வைத்து, பஸ் வரும்வரை ஒரு நிமிடம் என்று தலையைச் சாய்த்தீர்களாம். பஸ் வந்ததும் தெரியாது, அதற்கடுத்த பஸ் வந்ததும் தெரியாது. அங்கே காத்திருந்த பெண்கள், மனுஷன் பாவம், எழுப்பாதீங்க என்று டிரைவருக்குச் சைகை காட்டினார்களாம். மத்தியானம் விடுதிக் காவலாளி வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போய்ப் படுக்க வைத்ததும் மறுபடி தூக்கம். படித்து முடித்த மகள், அப்பா எழுதுனதுலயே நல்ல பிரசங்கம் இதுதான் என்று கடிதத்தைத் தன் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆனால் கடைசிப் பத்தியை அவள் படிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிறு கண் விழித்தபோது மணி பத்தாகிவிட்டது, சபை கூடி நிற்கிற நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு நாள் முழுவதும் போய்விட்டது, ஆண்டவருக்கு என்ன பதில் சொல்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மை கலைந்திருக்கிறது. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நேற்று ரொட்டி வாங்கப் பேக்கரிக்குப் போனேன். அக்கா இப்போது தனியாகக் கடையை நடத்துகிறார். வாரத்தில் ஒரு நாள் அடுப்பு ஆறும்போது கடைக்கதவையும் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறாராம். அவருடைய தாள் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், மாவு படாமல் இருக்க ஒரு கண்ணாடிக் காகித உறைக்குள் தொங்குகிறது. அவர் பெயர் மேல் நீங்கள் போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. பெயரை மறுபடி நன்றாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும்மா, கோடு போட்டும் உயிரோடதானே இருக்கேன் என்று சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

அந்தக் கோட்டுக்குக் கீழே, அவருடைய வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில், பென்சிலால் ஒரு பெயர் சேர்த்திருக்கிறார். பெயர்கூட இல்லை, "ஐயா" என்றுதான் எழுதியிருக்கிறது. உங்களை வேறு எப்படிக் கூப்பிட அவருக்குத் தெரியும். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு சொல். முப்பத்திரண்டு தாளிலும் எதற்காக என்று காரணம் எழுதியிருப்பது அந்த ஒரு இடத்தில்தான். "தூக்கம்."

தாள் கைக்கு வந்த நாளிலிருந்து தினமும் விடிவதற்கு முன்னால், அடுப்பு மூட்டும்முன், மாவுக் கையோடு நின்று அதைத்தான் கேட்கிறாராம். வேற எதுவும் ஐயாவுக்குக் கேக்கலம்மா, அது ஒண்ணைக் குடுத்தா மத்ததை அவர் பாத்துக்குவார் என்றார்.

நீங்கள் பெஞ்சில் தூங்கியதும், ஞாயிறு பத்து மணிவரை தூங்கியதும் இப்படிக் கேட்டு வாங்கப்பட்டது. அந்த நேரத்தில் முந்நூற்று எண்பத்தாறு பேருக்கும் யாரோ ஒருவர் விழித்திருந்தார்கள். ஆண்டவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். அவர் இப்போதுதான் ஒரு விதவைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து பாதியில் எழுந்திருக்காதீர்கள்.

இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. வீட்டுக் கதவை மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை நானே உள்பக்கம் தாழிடப் பழகிக்கொண்டு இருக்கிறேன். யாரும் இதுவரை சாகவில்லை.

தூங்குங்கள். எங்கள் தாளிலும் மகள் உங்கள் பெயரை எழுதிவிட்டாள், முதல் வரியில்.

இப்படிக்கு,
நீங்கள் வரும்போது உங்களை எழுப்பாமல் இருக்கப்போகிற
உங்கள் மனைவி